அவர் சென்டர்ல, அவங்க அஞ்சு ஆபீஸ்ல: குடி சிகிச்சையும் மத்த உதவிகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டுல ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்துல கவுன்சிலரா இருக்கேன், வருஷம் பதினொண்ணு ஆச்சு. அட்மிஷன் டேபிள்ல உக்காந்தா திரும்ப திரும்ப அதே கேள்விங்கதான். வீட்டம்மா கேப்பாங்க, மகளிர் குழு தலைவி கேப்பாங்க, ஸ்கூல் டீச்சர் கேப்பாங்க, சில நேரம் ஸ்டேஷன்ல இருந்து ஏட்டய்யாவே போன் போட்டு கேப்பாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் மொத்தமா டைப் பண்ணி வெச்சுட்டேன்.

குடிக்கு வைத்தியம் பாத்தா போதாதா மேடம்? மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் எதுக்கு?

சென்ட்ரிங் வேல பாக்குற ஒருத்தர் எங்ககிட்ட ஒரு மாசம் இருந்தாரு. நல்லா தேறி, முகமெல்லாம் தெளிஞ்சு வீட்டுக்கு போனாரு. போன அன்னைக்கே வாசல்ல மைக்ரோ பைனான்ஸ் பையன் நிக்கிறான், அஞ்சு வார தவணை பாக்கி. பொண்ணு ஸ்கூலுக்கு போறதில்ல. இவருக்கு ரெண்டு மாசமா இருமல், அது டிபின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. முன்னாடி அடிச்சதுக்கு சம்சாரம் மகளிர் ஸ்டேஷன்ல குடுத்த கம்ப்ளைன்ட் வேற அப்படியே நிக்குது. எட்டாவது நாள் குடிச்சிட்டாரு. நாங்க என்ன சொன்னோம் தெரியுமா, "மோட்டிவேஷன் இல்ல"ன்னு ஃபைல்ல எழுதினோம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அந்தம்மா அந்த ஒரு மாசத்துல ஏறி இறங்கினது அஞ்சு இடம். எங்க சென்டர், ஜிஹெச், ஸ்டேஷன், ஸ்கூல், குழு ஆபீஸ். ஒவ்வொரு எடத்துலயும் "எத்தன வருஷமா குடிக்கிறாரு, அடிப்பாரா, வருமானம் எவ்ளோ"ன்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, அவங்களும் முதல்ல இருந்து அழுவுறாங்க. அஞ்சு ஆபீசுக்கும் நடுவுல சம்பளமில்லாத தபால்காரி மாதிரி. இந்த தபால் வேலைய அவங்க தலைல இருந்து எறக்கணும், சேர்ந்து வேல பாக்குறதுன்னு நான் சொல்றது அவ்ளோதான். மீட்டிங் போட்டு போண்டா டீ சாப்பிட்டு போட்டோ எடுக்குறது இல்ல.

ஏன் ஒரே எடத்துல எல்லாம் கெடைக்க மாட்டேங்குது?

பிரிச்சு வெச்ச விதம் அப்படி. எங்கள மாதிரி மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் வர்றது மத்திய சமூக நீதி அமைச்சகத்துல இருந்து. ஜிஹெச் மனநல வார்டு சுகாதாரத் துறை. வீட்ல அடி உதைன்னா சமூக நலத் துறை. கஞ்சா கேஸ்னா போலீஸ். சரக்கு விக்கிற டாஸ்மாக் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. 1983ல தொடங்கின கம்பெனி, 2003ல இருந்து சில்லறை விற்பனையும் அதோட கையிலதான். விக்கிறதுக்கு ஒரே ஜன்னல் இருக்கு, விட்டுட்டு வெளிய வர்றதுக்கு அஞ்சு வாசப்படி. ஒவ்வொருத்தருக்கும் தனி ரிஜிஸ்டர், தனி டார்கெட். அங்க இருக்கிறவங்க யாரும் கெட்டவங்க இல்ல, பக்கத்து ரூம்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாது, அவ்ளோதான்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த சர்வே 2019ல வந்துச்சு. நாட்டுல குடிக்கிறவங்க சுமார் 16 கோடி, குடிக்கு அடிமையாகி நோயா போனவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குதான் ஏதாவது ஒரு சிகிச்சை கெடைச்சிருக்கு, உள்நோயாளியா சேந்தவங்க 180க்கு ஒருத்தர். அப்ப மீதி 37 பேர் எங்க? எங்க வாசலுக்கு வரலையே தவிர வேற வாசலுக்கு வந்துட்டுதான் இருக்காங்க. எலும்பு முறிஞ்சு கேஷுவாலிட்டிக்கு, இருமிட்டு டிபி சென்டருக்கு, தகராறுல ஸ்டேஷனுக்கு. அங்க இருக்கிறவங்க "எவ்ளோ குடிப்பீங்க அண்ணே"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

கோயில்ல கயிறு கட்டுனா விட்டுடுவாரா? மாலை போட்டா?

சிரிக்காதீங்க, எங்ககிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான். கயிறு கட்டி பல வருஷமா தொடாதவங்கள நான் பாத்திருக்கேன், அத கேவலமா பேச மாட்டேன். ஆனா ஒரு ஆபத்து இருக்கு, இத கொஞ்சம் நிதானமா படிங்க.

தினமும் காலைல கை நடுக்கத்துக்கே ஒரு கட்டிங் போட்டாதான் பல்லு வெளக்க முடியும்ங்கிற அளவுக்கு போனவர் சத்தியம் பண்ணிட்டு டக்குன்னு நிறுத்தினா, ஆறு எட்டு மணி நேரத்துல நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள் தாண்டும்போது இல்லாத ஆள பாக்கறது, செவுத்துல பூச்சி ஊருதுன்னு தட்டி விடுறது, ராத்திரியெல்லாம் உளறல்னு போகும். ஊர்ல என்ன சொல்லுவாங்க? கயிறு கட்டுன எடத்துலயே காத்து அடிச்சிருச்சு, பேய் புடிச்சிருச்சுன்னு திரும்ப கோயிலுக்கே தூக்கிட்டு போவாங்க. அது பேய் இல்ல, சரக்கு எறங்குறப்ப மூளை படுற பாடு, கவனிக்காம விட்டா உயிரே போகும்.

அதனால நாங்க பக்கத்து ஊர்ல கயிறு கட்டுற பூசாரி ஐயாகிட்ட போய் உக்காந்து பேசினோம். அவர் இப்ப கயிறு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேப்பாரு: காலைல கை நடுங்குதா, இதுக்கு முன்ன விட்டப்ப வலிப்பு வந்துச்சா. ஆமான்னா "மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ஆத்தா"ன்னு அனுப்பிடுவாரு. நான் பாத்ததுலயே உருப்படியான கூட்டு வேலை இதுதான்னு சொல்லுவேன், ஜிஓ கிடையாது, லெட்டர்பேட் கிடையாது.

இன்னொண்ணு, லோக்கல் கிளினிக்ல "டயர்டா இருக்காரு"ன்னு நேரா குளுக்கோஸ் ஏத்திடுவாங்க. ரொம்ப நாள் குடிச்சவருக்கு பி1 விட்டமின், அதான் தயமின், சுத்தமா காலியா இருக்கும், அந்த ஊசி போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கிற ஆபத்து இருக்கு. "டாக்டர், இவர் தினமும் குடிக்கிறவரு"ன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க. நிறைய குடும்பம் மானத்துக்கு பயந்து மறைக்கிறாங்க.

சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற மருந்து நல்லதா?

வேண்டவே வேண்டாம். டைசல்பிராம் மாதிரி மாத்திரைன்னா, அத சாப்பிட்டது தெரியாம அவர் குடிச்சாருன்னா முகம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிபி எறங்கி சாவுற வரைக்கும் போகலாம். மாத்திரை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட அதோட வேலை உடம்புல இருக்கும். ஆன்லைன்ல விக்கிற பொடில என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும். அவருக்கு சொல்லி, சம்மதிச்சு, டாக்டர் பாத்து குடுத்தா அதே மாத்திரை சிலருக்கு நல்ல துணை.

அடிக்கிறாரு. ஸ்டேஷனுக்கு போனா "குடிச்சா அப்படித்தான்மா, சென்டர்ல சேருங்க"ங்கிறாங்க, சென்டருக்கு வந்தா நீங்க ஸ்டேஷனுக்கு போக சொல்றீங்க. நாங்க எங்கதான் போறது?

இந்த கேள்விக்கு எங்க ஆளுங்க சார்பா மன்னிப்பு கேட்டுட்டுதான் பதில் சொல்லணும். நாங்களும் இத பண்ணிருக்கோம்.

குடி வேற, அடி வேற. குடிய விட்டதுக்கப்புறமும் அடிக்கிறவங்க இருக்காங்க, குடிச்சாலும் ஒரு நாளும் கை ஓங்காதவங்களும் இருக்காங்க. "குடி தெளிஞ்சா எல்லாம் சரியாயிடும்"னு சொல்லி அந்தம்மாவ அதே வீட்டுக்கு அனுப்புறது தப்பு. அவர் அட்மிஷன்ல இருக்குற நாள்லயே அவங்களுக்கான வேலைய தனியா பாத்தாகணும்.

2005 குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருக்காங்க, மாவட்ட சமூக நல அலுவலகத்துல விசாரிச்சா சொல்லுவாங்க. அவங்க ரிப்போர்ட் எழுதி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு கொண்டு போவாங்க. அதே வீட்ல இருக்குற உரிமை, கிட்ட வரக்கூடாதுங்கிற ஆர்டர், செலவுக்கு பணம்னு எல்லாம் அதுல கேக்கலாம், டைவர்ஸ் கேஸ் கெடையாது. அவர ஜெயில்ல போட்டாகணும்னும் இல்ல, இது தெரிஞ்சாலே பாதி பேருக்கு தைரியம் வந்துடும். வக்கீல் ஃபீஸ் பத்தி பயம்னா, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், போன்னா 15100. ராத்திரில அவசரம்னா 181க்கோ 112க்கோ போன் பண்ணுங்க. பாதிக்கப்பட்ட பொம்பளைங்களுக்கான அரசு ஒன் ஸ்டாப் சென்டர்ல கொஞ்ச நாள் தங்கவும் எடம் உண்டு.

ஸ்டேஷன்ல "இனிமே குடிக்க மாட்டேன்"னு எழுதி வாங்கிட்டு அனுப்புற பழக்கம் ஒண்ணு இருக்கே, அந்த பேப்பரால யாரும் குடிய விட்டு நான் பாக்கல. அதுக்கு பதிலா கம்ப்ளைன்ட் வாங்கிகிட்டதுக்கு அத்தாட்சியா சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. பின்னாடி பாதுகாப்பு அலுவலர்கிட்ட போறப்ப கதைய முதல்ல இருந்து சொல்ற வேலை பாதி கொறையும்.

சென்டர்காரங்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் தேதிய மனைவிக்கு முன்கூட்டியே சொல்லுங்க. அவங்க பயப்படுறாங்களான்னு அவர் இல்லாதப்ப கேளுங்க. அவர பக்கத்துல உக்கார வெச்சுகிட்டு "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா"ன்னா என்ன பதில் வரும்?

நோயாளி பத்தின விவரத்த ஸ்டேஷனுக்கோ ஸ்கூலுக்கோ சொல்லிடுவீங்களா?

சும்மா சொல்ல முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதைனால வர்ற பிரச்சனையும் மனநோய் கணக்குலதான் வருது, அதனால ரகசியம் காக்குற உரிமை அவருக்கு உண்டு. யாருக்கு, எதுக்கு, எவ்ளோ சொல்றோம்னு அவர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டுதான் பேசுவோம். டிபி சென்டருக்கு அவரோட குடி அளவும் கல்லீரல் டெஸ்ட்டும் தெரியணும், பொண்டாட்டி மேல உள்ள சந்தேகமெல்லாம் எதுக்கு அவங்களுக்கு? ஆனா யாரையாவது அடிச்சுக் கொல்லப் போறாருங்கிற மாதிரி ஆபத்து இருந்தா அந்த ரகசியத்துக்கு விலக்கு உண்டு, அப்ப தடுக்க தேவையானத மட்டும் சொல்லுவோம். அத அட்மிஷன் அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுவோம், அப்புறம் துரோகம்னு நெனைக்கக் கூடாது பாருங்க.

டிபிக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு எடத்துக்கு எதுக்கு அலையணும்?

அதிகமா குடிக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு, அதோட மாத்திரைய பாதில விடுறதும் இவங்கதான் ஜாஸ்தி. டிபி மாத்திரைகள்ல சிலது கல்லீரல தாக்கும், கூட சரக்கும் சேந்தா மஞ்சக்காமாலை வரைக்கும் போகும். "குடிச்சிருக்கேன், அதனால இன்னைக்கு மாத்திரை வேணாம்"னு அவங்களா முடிவு பண்ணிடுவாங்க, அப்படியே ஒரு வாரம் போயிடும்.

எங்க ஊர்ல நாங்க பண்ணினது ரொம்ப சின்ன விஷயம். டிபி மாத்திரை குடுக்குற நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் திட்டாம ஒரே கேள்வி கேப்பாங்க, "நேத்து எவ்ளோ போட்டீங்க?" பதில அட்டைல குறிப்பாங்க. ரெண்டு குவார்ட்டருக்கு மேலன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் அங்கயே போய் பாப்பேன், அவர இங்க வர சொல்றதில்ல. எங்ககிட்ட அட்மிஷன்ல இருக்குறவருக்கு டிபி மாத்திரை இங்கயே வந்துடும். டிபிகாரங்களுக்கு சத்துணவுக்குன்னு அரசு மாசம் 500 குடுத்துட்டு இருந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து 1000 ஆக்கினாங்க. அத யார் அக்கவுண்ட்ல போட சொல்லணும்னு வீட்ல பேசிக்கோங்க, இதுக்கு மேல நான் சொல்ல வேணாம்.

பையன் கஞ்சா, வலி மாத்திரை. வெளிய சொன்னா போலீஸ் புடிச்சுட்டு போயிடுமா?

பெத்தவங்க ராத்திரி பதினோரு மணிக்கு குசுகுசுன்னு போன்ல கேக்குற கேள்வி இது. 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. பயன்படுத்தினதுக்காகவோ இல்ல கொஞ்சமா கையில வெச்சிருந்ததுக்காகவோ கேஸ் ஆன ஒருத்தர் தானா முன்வந்து, அரசோ அரசு அங்கீகரிச்ச எடமோ நடத்துற சிகிச்சைல சேந்தா, வழக்குல இருந்து விலக்கு கெடைக்கும். சிகிச்சைய முழுசா முடிக்கணும், பாதில ஓடினா அந்த விலக்கு போயிடலாம். விக்கிறவங்களுக்கு இது கெடையாது. நிறைய வக்கீலே இத எடுத்து சொல்றதில்ல, நீங்க பிரிவு நம்பரோட கேளுங்க.

வலி மாத்திரைய கரைச்சு ஊசியா போடுற பசங்கன்னா ஜிஹெச்ல நம்பிக்கை மையத்துக்கு கூட்டிட்டு போய் எச்ஐவி டெஸ்ட் எடுத்துடுங்க, கூடவே மஞ்சக்காமாலை பி, சி டெஸ்டும் டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரே ஊசிய நாலு பேர் மாத்தி மாத்தி போடுவாங்க. ஹெராயின் மாதிரி அபின் வகைக்கு அடிமையானவங்களுக்கு நாக்கு அடியில வெக்கிற புப்ரினார்பின் மாத்திரை குடுக்குற அரசு மையங்க இருக்கு. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா"ன்னு கோவப்படுவாங்க, ஆனா ஊசி நிக்கும், திருட்டு நிக்கும், பையன் வேலைக்கு போவான். எனக்கு அது போதும்.

ஸ்கூல் டீச்சர் நான். ஒரு பொண்ணு அப்பா குடிக்கிறதால ராத்திரி தூங்காம வருது. நான் தலையிடலாமா?

தலையிடுங்க டீச்சர். ஆனா அப்பாவ ஸ்கூலுக்கு வரவழைச்சு அட்வைஸ் பண்ணாதீங்க, அன்னைக்கு ராத்திரி அடி அந்தப் புள்ளைக்குதான் விழும். அம்மாகிட்ட தனியா பேசுங்க. ஆபத்துன்னா குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098. "புள்ளைய ஹோம்ல போட்டுடுவாங்களோ"ன்னு அம்மாங்க பயப்படுறதாலதான் பாதி விஷயம் வெளியவே வர்றதில்ல. சட்டப்படி ஹோம்ங்கிறது கடைசி வழி, குடும்பத்தோடவே வெச்சிருக்கத்தான் குழந்தைகள் நலக் குழு மொதல்ல பாக்கணும். தகுதி இருந்தா வீட்லயே வளக்குறதுக்கு மாசம் 4000 ஸ்பான்சர்ஷிப் இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேளுங்க. சின்னப் புள்ளைங்கள விட்டு சரக்கு வாங்கிட்டு வர சொல்றது, குடிக்க குடுக்குறது, இதுக்கெல்லாம் 2015 சிறார் நீதிச் சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, ஊர்ல யாருக்கும் இது தெரியல.

மகளிர் குழுவால என்ன பண்ண முடியும்? நாங்க டாக்டரா?

ஒரு டாக்டரால பண்ண முடியாதத பண்ணலாம். அவர் அட்மிஷன்ல இருக்குற அந்த ஒரு மாசம் தவணைய தள்ளி வைங்க. மானியம் வாங்குற மையத்துல சிகிச்சை இலவசம்தான், ஆனா முப்பது நாள் கூலி போச்சுல்ல? "போய் சேருங்க"ன்னு சொல்றது சுலபம், அந்த முப்பது நாள் அரிசி பருப்பு யாரு போடுறது? பல பேர் பத்தாவது நாள்ல கையெழுத்து போட்டுட்டு கெளம்புறது சரக்கு நெனப்புல இல்ல, தண்டல்காரன் போன்ல.

சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்ச டிடிகே குடி சிகிச்சை மையம், திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துல கேம்ப் போட்டு சிகிச்சை குடுக்குற முறைய ரொம்ப காலம் முன்னாடியே பண்ணிக் காட்டினாங்க. ஆள ஊர விட்டு பிரிச்சு எடுத்துட்டு போகாம, ஊருக்கே சிகிச்சைய கொண்டு வந்து, ஊர்க்காரங்க முன்னாடியே தெளிய வெக்கிறது. தெளிஞ்சு வர்றவர "டேய் குடிகாரா"ன்னு கூப்பிடாம இருக்க ஊருக்கும் பழக்கம் வேணும் இல்லையா.

வேன்ல வந்து தூக்கிட்டு போற சென்டர்ல சேக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. அவர் சம்மதத்தோட சேர்றதுதான் மொத வழி. சம்மதிக்கிற நெலமைல அவர் இல்லன்னா அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு, ரெண்டு நிபுணர்கள் தனித்தனியா பாத்து, அவரோட பிரதிநிதி எழுதிக் குடுத்து, 30 நாள் வரைக்கும். நாலு தடியனுங்க வந்து வாயப் பொத்தி வண்டில ஏத்துறது அந்த வழி இல்ல. சங்கிலில கட்டுறதுக்கு முழு தடை. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடில தீப்புடிச்சப்ப சங்கிலில கட்டிக் கெடந்த மனநோயாளிங்க தப்பிக்க முடியாம 28 பேர் செத்தாங்க, அந்த ஊர்க்கதை நமக்கு மறந்திருக்கக் கூடாது. சேக்குறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க: மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா, டாக்டர் எந்தெந்த நாள் வருவாரு, நான் எப்ப வந்தாலும் பாக்க விடுவீங்களா. மூணாவது கேள்விக்கு இழுத்தாங்கன்னா திரும்பி வந்துடுங்க.

பொம்பளைங்க குடிச்சா எங்க சேக்குறது?

தனி வார்டு இருக்குற எடம் கம்மி. 14446க்கு போன் பண்ணி உங்க மாவட்டத்துக்கு பக்கத்துல எதுன்னு கேளுங்க, அது போதை மீட்புக்கான தேசிய இலவச நம்பர். மனசு சம்பந்தமா பேசணும்னா 14416, தமிழ்லயே பேசலாம்.

டாஸ்மாக்க மூடிட்டா இதெல்லாம் தேவையே இல்லையே?

கடை கொறையணும், நேரம் கொறையணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா 1937லயே ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்த மாநிலம் இது, 1971ல எடுத்தாங்க, அப்புறம் போட்டாங்க, திரும்ப எடுத்தாங்க. கள்ளக்குறிச்சில 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க, அது டாஸ்மாக் தொறந்திருந்த காலத்துலதான். மலிவா கெடைச்சத குடிச்ச கூலிக்காரங்க. நாளைக்கே எல்லா கடையும் மூடினாலும் மூணாவது நாள் ஜிஹெச் வாசல்ல வலிப்போட ஒரு கூட்டம் நிக்கும், அவங்களுக்கு பெட் போட்டு வெச்சுட்டு அப்புறம் மூடுங்க.

திரும்ப குடிச்சிட்டாரு. எல்லாருக்கும் சொல்லணுமா? மானம் போகுது.

எல்லாருக்கும் வேணாம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு நாங்க ஒரு நாப்பது பக்க நோட்டு குடுக்குறோம், மொத பக்கத்துல அவரே சம்மதிச்சு எழுதின மூணு பேர், மூணு போன் நம்பர். ஒருத்தர் எங்க சென்டர், ஒருத்தர் நர்ஸம்மா இல்லன்னா டீச்சர், ஒருத்தர் அவர் மதிக்கிற ஆள், அது மேஸ்திரியா இருக்கலாம், குடிய விட்டவங்க கூடிப் பேசுற ஏஏ மீட்டிங்ல பழகின அண்ணனா இருக்கலாம். என்ன மாத்திரை, எந்த ஆபீஸ்ல என்ன மனு நிலுவைல இருக்கு, அடுத்து எந்த தேதி போகணும், எல்லாம் அதே நோட்டுல. நீங்க ஒரு கால் பண்ணினா போதும், மத்த ரெண்டு பேருக்கும் நாங்க பேசிப்போம்.

மேல சொன்னேனே சென்ட்ரிங் வேல பாக்குறவர், அவர் ரெண்டாவது தடவை எங்ககிட்ட வந்தப்ப சம்சாரம் கூட வரல. மேஸ்திரிதான் பைக்ல ஏத்திட்டு வந்தாரு, கையில அந்த நோட்டு. "தங்கச்சி வேலைக்கு போயிருக்கு மேடம், நான் இருந்து கையெழுத்து போடுறேன்"னு சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாரு.